காவலன் கையில் போலிக் கோடரி

(‘சேகரிப்பு: பொழுதுபோக்கா, முதலீடா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் அதோ அந்த நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்பேன். இன்று பதில் சொல்லும் பக்கம் வந்திருக்கிறேன். கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு முன் பேசியவர்கள் அஞ்சல்தலைகளையும் பழைய நாணயங்களையும் கொண்டு வந்து காட்டினார்கள். நான் கொண்டு வந்திருப்பது ஒரு பொம்மை. கேமராவை இயக்கும் தம்பி கொஞ்சம் அருகில் காட்டினால் நன்றாக இருக்கும்.

பார்த்துக்கொள்ளுங்கள். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பச்சைத் தோல். பன்றியின் மூக்கு. கீழ்த்தாடையிலிருந்து மேல்நோக்கி வளைந்த பற்கள். தலையில் சிறிய கொம்புகள். குட்டையான கால்கள், பெருத்த உடம்பு, பழுப்பு நிற உடுப்பு. “பெண்பிள்ளை ஆசைப்பட்டு வாங்குகிற மூஞ்சியா இது?” என்று அம்மா கேட்டார். பிறகு அவரே, “சரி, துவாரபாலகர் மாதிரி வாசல் பக்கம் வை, திருடன் வரமாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரிதான். இவன் ஒரு வாயிற்காவலன். பெயர் கமோரியன் காவலன்.

வசனமே இல்லாத பாத்திரம்

1983ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி அமெரிக்காவில் திரையிடப்பட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ படத்தில் இவன் வருகிறான். ஸ்டார் வார்ஸ் வரிசையில் மூன்றாவதாக வெளிவந்த படம் அது. ஜப்பா என்ற கொள்ளைக் கூட்டத் தலைவனின் மாளிகையில் இவனுடைய இனத்தார் காவல் நிற்கிறார்கள். படத்தின் தொடக்கப் பகுதியோடு இவர்களுடைய வேலை முடிந்துவிடுகிறது. கதாநாயகன் லூக் உள்ளே வரும்போது இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். அவன் கையைச் சற்று உயர்த்துகிறான். இருவரும் மூச்சுத் திணறிப் பின்வாங்குகிறார்கள். பிறகு லூக் பொறியில் விழும்போது ஒரு காவலனும் கூடவே குழிக்குள் விழுகிறான். கீழே இருக்கும் ரேங்கோர் என்ற பெரிய விலங்கு அவனைத்தான் முதலில் தின்கிறது.

அவ்வளவுதான். உறுமலைத் தவிர வசனம் கிடையாது. இன்னார் என்று படத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதும் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு துணைப் பாத்திரத்துக்கு ஏன் ஒரு பொம்மை? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வணிகப் பாடம் இருக்கிறது.

1976ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் பொம்மை உரிமத்தை ஏற்க மெகோ என்ற பெரிய நிறுவனம் முன்வரவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த கென்னர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1977 மே மாதம் படம் வெளியானது. கூட்டம் அலைமோதியது. ஆனால், அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தயாரித்து முடிக்க முடியவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? பொம்மைக்குப் பதிலாக ஒரு அட்டை உறையைக் கடைகளுக்கு அனுப்பியது. அதற்குள் ஒரு சான்றிதழ் இருந்தது. அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். வாக்குறுதியை அட்டையில் அச்சடித்து விற்றார்கள், மக்களும் நம்பி வாங்கினார்கள். 1978இல் பொம்மைகள் வந்து சேர்ந்தன. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

கென்னர் இந்தப் பொம்மைகளை மூன்றே முக்கால் அங்குல அளவில் செய்தது. அதாவது ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர். அதற்கு முன்பு பையன்களுக்கான வீரர் பொம்மைகள் பலவும் இதைவிடப் பெரியவை. பொம்மையைச் சிறிதாக்கியதால் அது ஏறிப் போகும் விண்கலத்தையும் அதே அளவில் செய்து விற்க முடிந்தது. இன்னொரு வசதியும் இருந்தது. கதாநாயகன் லூக் ஒருவன் போதும். ஆனால் மாளிகை என்றால் காவலர்கள் பலர் வேண்டும். ஒரே பையன் ஒரே காவலனை இரண்டு மூன்று தடவை வாங்குவான். வசனம் இல்லாத பாத்திரத்துக்கும் பொம்மை வந்த இரகசியம் இதுதான்.

பொம்மையின் தரம் எப்படி?

இனி, இந்தப் பொம்மையைப் பற்றி என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். என் கையில் இருப்பது 1983இல் வந்த முதல் கமோரியன். அட்டையும் அதில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ் உறையும் கிடையாது. வெறும் பொம்மைதான்.

முதலில், உருவம். சிறிய அளவுதான், ஆனாலும் முகத்தைப் பார்த்த உடனேயே யார் என்று தெரிகிறது. தொங்கும் கன்னம், மடிந்த மூக்கு எல்லாம் அச்சிலேயே வந்திருக்கின்றன. அந்த வரிசையில் மனித முகம் கொண்ட பொம்மைகள் பல ஒன்றுபோலவே இருக்கும். முகச்சாயலைக் கொண்டு வருவது அந்த அளவில் கடினம். வேற்றுக்கிரக முகங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தானோ என்னவோ, நாற்பது ஆண்டு கடந்தும் இவன் முகம் கெட்டுப் போகவில்லை.

அடுத்து, அசைவு. அக்காலக் கென்னர் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கழுத்து, இரு தோள், இரு தொடை என்று ஐந்து மூட்டுகள்தாம். முழங்கை மடங்காது, முழங்கால் மடங்காது. இன்றைய பொம்மைகளோடு ஒப்பிட்டால் இது குறைதான். இப்போது அந்த உரிமம் ஹாஸ்பிரோ நிறுவனத்திடம் இருக்கிறது. 2013 முதல் அது வெளியிட்டு வரும் ஆறு அங்குல ‘பிளாக் சீரிஸ்’ வரிசையில் முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் திரும்புகின்றன. ஆனால், காவலன் என்பவன் நிற்க வேண்டியவன். இவன் நன்றாக நிற்கிறான். பாதம் அகலம், உடம்பின் எடை கீழே. மேசையைத் தட்டினால்கூட விழமாட்டான்.

மூன்றாவது, வண்ணம். பழைய பொம்மைகளில் முதலில் தேய்வது துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள்தாம். மூக்கு நுனியையும் பற்களின் முனையையும் பாருங்கள். அங்கே வண்ணம் போயிருந்தால் பயப்பட வேண்டாம். யாரோ ஒரு குழந்தை விளையாடியிருக்கிறது என்று அர்த்தம். மாறாக, நாற்பது வயதுப் பொம்மையின் பல் மட்டும் பளிச்சென்று வெண்மையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பின்னால் யாரோ பூசியிருக்கலாம்.

நான்காவது, முத்திரை. காலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஆண்டும் உரிமையாளர் நிறுவனத்தின் முதலெழுத்துகளும் இருக்கும். சில பொம்மைகளில் தயாரான இடமும் இருக்கும். ஹாங்காங், தைவான், மக்காவ் என்று நம் பக்கத்து ஊர்கள். அமெரிக்கப் பொம்மை என்று நாம் சொல்வதை வார்த்தெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆசியத் தொழிலாளர்கள்தாம்.

கடைசியாக, ஆயுதம். நான் இன்று பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

தண்ணீரில் மூழ்கிய உண்மை

இந்தக் காவலனோடு நீண்ட பிடி கொண்ட ஒரு கோடரி வரும். கையிலிருந்து எளிதில் கழன்றுவிடும். விளையாடும் பிள்ளைகள் முதலில் தொலைப்பது இதைத்தான். ஆகவே, பொம்மை நிறையக் கிடைக்கும், கோடரி அவ்வளவாகக் கிடைக்காது. கோடரியோடு இருந்தால் ‘முழுமையானது’ என்று பெயர். இல்லாவிட்டால் விலை வெகுவாக இறங்கிவிடும். விலை இறங்கும் இடத்தில் போலி நுழையும். அசல் ஆயுதத்திலிருந்து அச்செடுத்து நகல் வார்த்து விற்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, வெறுங்கையோடு நிற்கும் பொம்மைக்கு அது ஒரு வசதி. சொல்லாமல் விற்பதில்தான் தொல்லை.

நான் இவனை ஒரு வார இறுதிப் பழம்பொருள் சந்தையில் 160 வெள்ளிக்கு வாங்கினேன். “முழுமையானதும்மா, எல்லாம் அசல்” என்றார் கடைக்காரர். நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டு வந்து கண்ணாடி அலமாரியில் வைத்தேன். சில மாதங்கள் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நண்பர் வந்தார். கோடரியைக் கையில் எடுத்தார், விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. “ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள்” என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் குளிர்ந்த நீரை எடுத்து வந்தேன். அவர் கோடரியை அதற்குள் போட்டார். அது நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நேயர்களுக்கு இதை விளக்க வேண்டும். பழைய கென்னர் ஆயுதங்கள் பெரும்பாலும் தண்ணீரைவிட எடை குறைந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை மிதக்கும். நகல்கள் பலவும் வேறு பொருளில் வார்க்கப்படுவதால் மூழ்கும். விரலால் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை உதறிவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மிதக்கும் நகலும் உண்டு, மூழ்கும் அசலும் உண்டு. ஆகவே அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அசலிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது பொருள் சற்றுச் சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். என் நண்பர் தம்முடைய அசல் கோடரியின் பக்கத்தில் என்னுடையதை வைத்தார். என்னுடையது ஒரு நூலளவு குட்டை. ஓரங்களும் சோப்புக்கட்டி கரைந்தது போல் இருந்தன. இனி வாதாட ஒன்றுமில்லை.

அடுத்த வாரமே கடைக்காரரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. “எனக்கும் அப்படியேதாம்மா வந்தது. நானா செய்தேன்?” என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு முன் இருந்தவரும் அப்படியே சொல்லியிருக்கலாம்.

நான் தலையாட்டிய நாள்

இதுவரை சொன்னது நான் ஏமாந்த கதை. இதைச் சொல்வது எளிது. ஏமாந்தவர் மேல் எல்லாரும் இரக்கப்படுவார்கள். இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல.

ஓராண்டு கழித்து அலமாரியில் இடம் போதாமல் சில பொம்மைகளை விற்க முடிவு செய்தேன். ஓர் இளைஞர் வந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்பவர். அவர் வாங்கப் போகும் முதல் பழைய பொம்மை இது. கமோரியனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அக்கா, எல்லாம் அசல்தானே?” என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ‘நானும் ஏமாந்துதானே வாங்கினேன், என் காசு எனக்கு வர வேண்டாமா?’ என்று நினைத்தேன். கடைக்காரர் சொன்ன அதே வாக்கியம் என் மனத்தில் ஓடியது. எனக்கும் அப்படியேதான் வந்தது, நானா செய்தேன்? ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

அவர் 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். சம்பளம் வந்ததும் மீதியைத் தருவதாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை அவருக்குத் தொலைபேசியில் அழைத்து, கோடரி நகல் என்றும், நேற்றே எனக்கு அது தெரியும் என்றும் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு அமைதியாகச் சொன்னார்: “எனக்கும் தண்ணீர்ச் சோதனை தெரியும் அக்கா. நீங்கள் டிவியில் வருகிறவர் என்பதால்தான் போட்டுப் பார்க்கவில்லை.”

இத்தனை ஆண்டுத் தொழிலில் என்னைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் கேட்டிருக்கிறேன். இதுபோல் ஒன்று உறைத்ததில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கோடரி இல்லாமல் பொம்மையை மட்டும் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நம்பிக்கை போன இடத்தில் விலையைக் குறைத்து என்ன பயன்?

இது முதலீடா?

இப்போது இன்றைய தலைப்புக்கு வருகிறேன். பொம்மை சேகரிப்பது முதலீடு என்று இன்று பல இளைஞர்கள் நம்புகிறார்கள். 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பொம்மையின் மாதிரி வடிவம் ஒன்று 525,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெட்டியைத் தடவிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அது ஏன் அந்த விலைக்குப் போனது? முதுகிலிருந்து ஏவுகணை பாயும்படி செய்யப்பட்ட மாதிரி அது. குழந்தைகள் விழுங்கிவிடக்கூடும் என்ற அச்சத்தால் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. அது கடைக்கே வரவில்லை. வராததால்தான் அந்த விலை.

நம் காவலனோ கடைகளில் குவியல் குவியலாக விற்றவன். அட்டை கிழியாமல் உள்ளவற்றுக்கு மட்டும் இன்று நல்ல விலை. ஏனென்றால் 1983இல் பிள்ளைகள் வாங்கிய மாத்திரத்தில் அட்டையைக் கிழித்து விளையாடினார்கள். கிழித்தவர்கள் அதிகம், வைத்தவர்கள் குறைவு. இன்றைய நிலைமை தலைகீழ். ஆயிரக்கணக்கானோர் பெட்டியைத் திறக்காமலேயே அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள். எல்லாரும் பாதுகாக்கும் பொருள் எப்படி அரிதாகும்? கடன் அட்டையில் பொம்மை வாங்கி அடுக்கும் தம்பி தங்கைகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சில எச்சரிக்கைகள். பொம்மையும் ஆயுதமும் அசலா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘முழுமையானது’ என்ற சொல்லுக்கு ‘அசல்’ என்று பொருளில்லை. விற்பவர் சொல்வதைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அட்டை வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2010இல் ஹாஸ்பிரோ அதே பாணி அட்டையில் புதிய பொம்மைகளை வெளியிட்டது, அவற்றில் கமோரியனும் உண்டு. அட்டையில் உள்ள ஆண்டைப் படியுங்கள்.

வியாபாரியிடம் ஏமாந்தால் நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 வெள்ளி வரையில் கோரிக்கை செய்யலாம். ஆனால் வியாபாரம் செய்யாத ஒரு தனிநபர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது அந்தச் சட்டம் துணைக்கு வராது. நான் தலையாட்டிய அன்று அந்த இளைஞருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு என்னுடைய வாய்ச்சொல்தான். அதுவும் அவரைக் கைவிட்டது.

அன்று கென்னர் விற்ற அட்டை உறையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதற்குள் பொம்மை இல்லை, சொல் இருந்தது. சொன்னபடி பொம்மை வந்ததால் அதன் பிறகும் மக்கள் வாங்கினார்கள். சேகரிப்பும் அப்படித்தான். ஒரு பொருள் பத்துக் கை மாறி வருகிறது. எட்டுப் பேர் உண்மை சொல்லி, ஒருவர் தலையாட்டினால் போதும், பத்தாவது ஆளுக்குப் போய்ச் சேர்வது பொய்தான். பொழுதுபோக்கா முதலீடா என்ற கேள்விக்கு என் பதில் இது: உண்மை சொல்லி விற்க மனமிருந்தால் எதுவாகவும் இருக்கட்டும். அந்த மனம் இல்லையென்றால் இரண்டுமே இல்லை.

இந்தக் காவலனை நான் பிறகு யாருக்கும் விற்கவில்லை. பாருங்கள், வெறுங்கையோடுதான் நிற்கிறான். கோடரி இதோ இந்தச் சிறிய பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்கிறது. பையின் மேல் ‘நகல்’ என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் அவர் கேட்காமலேயே தெரிந்துகொள்வார்.